பத்தொன்பதாவது வாரம்

கர்ப்பத்தைச் சொல்லத் தமிழில் எத்தனையோ வார்த்தைகள் உண்டு. மாசமா இருக்கா, உண்டாயிருக்கா, நாள் தள்ளியிருக்கு. எங்கள் திண்டுக்கல் பக்கத்துக் கிழவிகள் இன்னும் ‘முழுகாம இருக்கா’ என்பார்கள். மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளிக்கவில்லை என்பது அதன் பொருள். இந்தச் சொல்லைச் சொல்வது அவள் இல்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு. மூன்று நாள் ஒதுங்கி உட்கார வேண்டியவள் இந்த மாதம் உட்காரவில்லை என்பதை மாமியார் கவனிக்கிறார், ஓரகத்தி கவனிக்கிறாள், பக்கத்து வீட்டுப் பெரியம்மா கவனிக்கிறார். ஒதுங்கி உட்காரும் வழக்கம் இன்று பல வீடுகளில் இல்லை. நாள் கணக்கு பார்க்கும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முதல் கேள்வி அதுதான். ‘கடைசியா எப்ப தலைக்கு ஊத்துன?’ அந்தத் தேதியிலிருந்து வாரக் கணக்கு ஓடுகிறது. 12 வாரத்துக்குள் பதிந்தால் ஆரம்பப் பதிவு. தாண்டினால் லேட். என்னுடைய இரண்டாவது கர்ப்பம் பதிவானது 19ஆவது வாரத்தில். நர்சம்மா அட்டையை எழுதிக்கொண்டே கேட்டார்: ‘ஏம்மா, ரெண்டாவதுதானே? இதுகூடவா தெரியாது? ஏன் இவ்வளவு லேட்டு?’ எனக்குப் பின்னால் பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. ஆனால் அதற்குப் பதில் உண்டு. ஒன்றல்ல, பல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் போவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய சில காரியங்களைப் பிறகு செய்ய முடியாது. கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு முன்பே உடலில் இருக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு வரக்கூடும் என்று தெரிகிற பெண்ணுக்குக் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்குவதுதான் பலன் தரும். சிபிலிஸ், எச்.ஐ.வி. சோதனைகளை முன்னதாகச் செய்தால் குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுக்க முடியும். குழந்தையின் வயதை ஸ்கேனில் சரியாகக் கணிக்க முதல் மூன்று மாதமே ஏற்ற காலம். நாள் ஏற ஏற அந்தக் கணிப்பில் பிசகு கூடும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிரசவத்துக்குள் எட்டு முறை மருத்துவச் சந்திப்பு வேண்டும், முதலாவது 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்கிறது.

இதையெல்லாம் பெண்களுக்கு ‘விழிப்புணர்வு’ ஊட்டினால் சரியாகிவிடும் என்றுதான் சுவரொட்டிகள் நினைக்கின்றன. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அது 99 சதவீதத்துக்கும் மேல். அதே கணக்கெடுப்பில், முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போன தாய்மார் நான்கில் மூன்று பேருக்குச் சற்றே அதிகம். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காத ஊரில், ஆஸ்பத்திரியின் மேல் நம்பிக்கை உள்ள பெண்களில், நான்கில் ஒருத்திக்கு அந்த முதல் மூன்று மாதம் மட்டும் எங்கே போகிறது? அறியாமை என்ற ஒரே சொல்லில் இதை அடக்க முடியாது.

என் கதையில் அறியாமையும் இருந்தது. ஆனால் அதை எனக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மூத்தவளுக்கு அப்போது பதினோரு மாதம். பால் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து எனக்கு மாதவிலக்கு திரும்பவே இல்லை. பால் கொடுக்கிறவரை கரு தங்காது என்று அம்மா சொன்னார், அத்தை சொன்னார், வேலை பார்த்த பள்ளியில் சக டீச்சர்கள் சொன்னார்கள். அதில் பாதி உண்மை. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள், வேறு எதுவும் தராமல் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் கரு தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டி இட்லியும் பருப்புச் சாதமும் ஊட்டத் தொடங்கிய பிறகு அந்தக் காப்பு போய்விடும். இன்னொன்று, கருமுட்டை முதலில் வெளிவரும், மாதவிலக்கு அதற்குப் பிறகுதான் வரும். எனவே ஒரு தடவைகூடத் தலைக்கு ஊற்றாமலே ஒருத்தி அடுத்த கர்ப்பத்துக்குப் போக முடியும். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது காப்பர் டி பற்றி மூன்று பேர் பேசினார்கள். இதை ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு ‘தள்ளிப்போக’ நாளே இல்லை. களைப்பு இருந்தது. கைக்குழந்தையும் வேலையும் உள்ள எவளுக்குத்தான் களைப்பு இல்லை? ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் மீன் திரும்பியதுபோல ஒரு அசைவு. அது எனக்குத் தெரிந்த அசைவு. அன்று மாலை பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் மெடிக்கலில் சோதனை அட்டை வாங்கினேன். எங்கள் ஊர் மெடிக்கலில் வாங்கியிருந்தால் நான் வீடு சேரும் முன் செய்தி சேர்ந்திருக்கும். பிறகு ஸ்கேன். 15 வாரம் 2 நாள் என்றது.

15க்கும் 19க்கும் நடுவில் நான்கு வாரம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. அந்த நான்கு வாரமும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு உரிமை இருந்தது. 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பின், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும் என்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை. நான் விசாரிக்கப் போன தனியார் கிளினிக் கேட்டது. ‘வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்க’ என்றார்கள். அடுத்த கேள்வி, ‘மொதப் புள்ள பொண்ணா? எங்க ஸ்கேன் எடுத்தீங்க? என்ன சொன்னாங்க?’ பெண் குழந்தைகளைக் கருவிலேயே அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவை. ஆனால் முதல் பிள்ளை பெண்ணாக இருக்கிற ஒவ்வொரு தாயும் அதன் நிழலில் சந்தேகத்துக்குரியவளாகிவிடுகிறாள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. என் கணக்கு வேறு. எட்டாயிரத்து ஐந்நூறு சம்பளம். மாசமான டீச்சருக்கு ஜூனில் மறுபடி அழைப்பு வராது என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதிவைக்காத விதி. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

அந்த நான்கு வாரத்தில் ஏன் பதிவு செய்யவில்லை? பதிவு செய்தால் பிக்மி நம்பர் போடுவார்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கும் இணையப் பதிவேடு அது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு எண். நம்பர் போட்டபின் நர்சம்மா வீட்டுக்கு வருவார், போன் செய்வார், பிரசவத் தேதியைக் குறித்துக்கொள்வார். இதெல்லாம் ‘சரி, பெற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டவளுக்கான ஏற்பாடு. ‘இன்னும் யோசிக்கிறேன்’ என்கிறவள் உட்கார அந்த அறையில் நாற்காலி இல்லை. ரத்தம் சோதித்துக்கொள், மாத்திரை சாப்பிடு, முடிவை நீ எடு, எந்த முடிவானாலும் இங்கேயே வா என்று சொல்லும் ஒரு மேஜை இருந்திருந்தால் 15ஆவது வாரத்திலேயே போயிருப்பேன். கடைசியில் பெற்றுக்கொள்ள முடிவு செய்தேன். அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசாத ஒரு மத்தியானத்தில், மூத்தவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு அது வேண்டும் என்று தெரிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ப் பதிந்தேன். ஹீமோகுளோபின் 8.4. இரும்புச் சத்து ஊசியை நரம்பில் ஏற்றினார்கள். தேதி சரியாகத் தெரியாததால் கடைசி மாதத்தில் வலி வரக் காத்திருப்பதா, வரவழைப்பதா என்று மருத்துவர்களே இரண்டு முறை மாற்றிப் பேசினார்கள். தாமதத்துக்கு விலை உண்டு. அதை நான் உடம்பால் கொடுத்தேன்.

மற்ற பெண்களின் பதில்கள் வேறு. என் மதினிக்கு இரண்டு முறை கலைந்துவிட்டது. மூன்றாவது முறை நாள் தள்ளிய வாரமே அவருக்குத் தெரியும். ஆனால் மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. கண்ணுபடும் என்று சொன்னார். பிறகு ஒரு நாள் உண்மையான காரணத்தைச் சொன்னார்: ‘கலைஞ்சா, அவ தங்க வைக்கலனு சொல்லுவாங்க. யாருக்கும் தெரியலைனா யாரும் சொல்ல மாட்டாங்கல்ல?’ சீக்கிரமே கலையும் கருக்களில் பெரும்பகுதி கருவின் மரபணுக் கோளாறால் கலைகின்றன. அவள் மாடி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ இல்லை. பழியைத் தாயின் தலையில் போடும் வீட்டில் ரகசியம்தான் அவளுக்குப் பாதுகாப்பு. நர்சம்மா சீருடையில் வாசலில் வந்து நின்றாலே தெருவுக்குச் செய்தி போய்விடும். கண்ணேறு மூடநம்பிக்கை என்று கடிந்துகொள்கிறவர்கள் இந்தப் பழியைப் பற்றியும் ஒரு சுவரொட்டி ஒட்டலாம்.

எங்கள் பகுதியில் நூற்பாலைகள் அதிகம். காலை ஐந்தரைக்கு மில் வேன் வந்து தெருமுனையில் நிற்கும். எங்கள் தெருவில் ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண், வயிறு தெரியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்பார்கள். மகப்பேறு பலன் சட்டம் 1961இலேயே வந்தது. 2017இல் சம்பளத்தோடு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாத, ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கும் பெண்ணிடம் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளக் காகிதம் எதுவும் இல்லை. தவிர, செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். ரத்தம், சிறுநீர், ஸ்கேனுக்கு வேறு ஊர் என்று ஒரு நாள் மூன்று நாளாகும். ‘பரிசோதனை இலவசம்’ என்று எழுதியிருக்கிற பலகையில் இந்தக் கூலியை யாரும் கழிப்பதில்லை.

பிள்ளைகள் அதிகம் உள்ளவள் வேறு காரணத்தால் ஒளிகிறாள். நாலாவது முறை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரும் பெண்ணுக்கு வரிசையில் என்ன கிடைக்கும் என்று நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். ‘உனக்கு வேற வேலையே இல்லையா?’ அவள் கணவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை, அவர் வரிசையில் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறாயா என்று முதல் நாளே எழுதி வாங்கப் பார்ப்பார்கள். பிரசவ மேஜையிலேயே தன்னைக் கேட்காமல் காப்பர் டி வைத்துவிட்டார்கள் என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். ஒரு முறை அப்படி நடந்தவள் அடுத்த முறை அந்தப் படியில் சீக்கிரம் ஏறமாட்டாள். கருத்தடை பெண்ணின் உரிமைக்காகப் போராடி வாங்கியது. கேட்காமல் செய்தால் அது உரிமை ஆகாது.

பதினெட்டு நிறையாத பெண்ணின் நிலைமை இன்னும் சிக்கல். 2012 போக்சோ சட்டப்படி, பதினெட்டுக்குக் கீழ் உள்ள பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். வன்முறைக்கு ஆளான சிறுமிக்கு அது கவசம். ஆனால் பள்ளிக்கூட வயதில் காதலித்து ஓடிப்போனவளுக்கும், வீட்டாரே பதினேழில் கட்டிக்கொடுத்தவளுக்கும், ஆஸ்பத்திரி வாசல் போலீஸ் ஸ்டேஷன் வாசலாகிறது. புருஷன் ஜெயிலுக்குப் போவான், அப்பா மேல் வழக்கு வரும் என்று பயந்து பதினெட்டாவது பிறந்தநாள்வரை தள்ளிப்போடுகிறார்கள். ரத்தசோகையும் ரத்தக்கொதிப்பும் அதிகம் தாக்குகிற வயது அது. மிகவும் முன்னதாக வர வேண்டியவள் மிகவும் பிந்தி வருகிறாள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரை மருத்துவர் காவல் துறைக்குச் சொல்லத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரையிலான உரிமையைத் திறந்துவிட்டதும் அதே தீர்ப்புதான். ஆனால் குழந்தையைப் பெற்றுக்கொள்ள நினைக்கிற சிறுமிக்கு அந்தத் தீர்ப்பில் வழி எதுவும் திறக்கவில்லை.

சாதி மாறிக் கல்யாணம் செய்து வேறு ஊரில் ஒளிந்து வாழ்கிறவளும் பதிவுக்கு அஞ்சுவாள். பெயர், ஆதார், புருஷன் பெயர், முகவரி என்று ஒவ்வொன்றும் அவளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு துப்பு. செங்கல் சூளைக்கு வேறு மாவட்டத்திலிருந்து வந்தவளுக்கும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பஞ்சாலை விடுதியில் இருப்பவளுக்கும் முகவரி என்ற கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தாய்வீடு போகிற நம் வழக்கத்திலும் இதே சிக்கல்தான். புகுந்த ஊரில் பதிந்தால் பிறந்த ஊர் நர்சம்மா ‘அங்க போ’ என்பார். இங்கே ‘அங்க போ’ என்பார்கள்.

பதிவும் பராமரிப்பும் ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வசதியுள்ள பெண் ஆறாவது வாரத்திலேயே தனியார் மருத்துவரைப் பார்த்துவிடுவாள். பிக்மி நம்பர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்று 2017இல் விதி வந்ததால், ஆறாம் மாதத்தில் போய் நம்பர் வாங்குவாள். கணக்கில் அவளும் லேட். ஆனால் அவளை யாரும் திட்டுவதில்லை. ஒரே தாமதம் ஒருத்திக்கு வெறும் படிவம், இன்னொருத்திக்குக் குற்றப்பத்திரிகை.

பணமும் இதில் கலந்திருக்கிறது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் அரசு மகப்பேறு உதவி தருகிறது. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018 முதல் 18,000. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடக்கம். கூலிக்காரிக்கு இது பெரிய தொகை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2018இல் வந்த விதிப்படி முதல் தவணை 12 வாரத்துக்குள் பதிபவளுக்கு என்று இருந்தது. வயது 19 நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். பதினெட்டு வயதுக்காரியும், மூன்றாவது பிள்ளைக்காரியும், தெரியாமல் 16 வாரம் போனவளும் சத்துணவு அதிகம் தேவைப்படுகிறவர்கள். நிபந்தனைகள் கழித்துக்கட்டியது அவர்களைத்தான்.

அந்த நர்சம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தடுப்பூசி, வீட்டுச் சந்திப்பு, கணினிப் பதிவு எல்லாம் அவர் தலையில். தன் பகுதியில் எத்தனை பேர் 12 வாரத்துக்குள் பதிந்தார்கள் என்று மாதக் கூட்டத்தில் அவரை நிற்கவைத்துக் கேட்கிறார்கள். அங்கே அவர் வாங்கிய ஏச்சு, செவ்வாய்க்கிழமை எங்கள் பெஞ்சுக்கு வருகிறது. அவரும் பெண்தான், அவர் வேலையும் பெண் வேலை என்பதால் மலிவாக வைக்கப்பட்டதுதான்.

மாற்ற வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் பரிசோதனை. எந்த ஊர்க்காரியானாலும் வந்த இடத்தில் பதிவு. கேள்வி கேட்க ஒரு திரை மறைத்த இடம். பிரசவமாகிப் போகும்போது, மாதவிலக்கு வராமலே அடுத்த கரு தங்கலாம் என்று ஒரு வரி. மூன்றாவது பிள்ளைக்கும் பணம். ‘ஏன் லேட்டு?’ என்பதற்குப் பதிலாக, ‘உனக்கு எப்பத் தெரிஞ்சது? வர்றதுக்கு எது தடையா இருந்தது?’ என்று கேட்டு, பதிலை எழுதிக்கொள்ள அட்டையில் ஒரு கட்டம்.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்போது சந்தேகம் இருந்தால்: சோதனை அட்டையை வேறு ஊரில் வேண்டுமானால் வாங்குங்கள், ஆனால் வாங்குங்கள். பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் வாங்குங்கள். முடிவு எடுக்கவில்லையென்றாலும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கலாம், அது எந்த முடிவையும் உங்கள் மேல் திணிக்காது. 20 வாரம் ஆகிவிட்டது, 30 வாரம் ஆகிவிட்டது, இனி போனால் திட்டுவார்கள் என்று நிற்காதீர்கள். திட்டுவார்கள். கூட ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு போங்கள், இரண்டு பேராக நின்றால் குரல் கொஞ்சம் தணியும். ரத்தக்கொதிப்பையும் ரத்தசோகையையும் 30ஆவது வாரத்திலும் கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்ற முடியும். எங்கள் தெருவில் யாராவது கேட்டால் நான் கூடப் போகிறேன். இதுவரை நான்கு பேரோடு போயிருக்கிறேன். ஒருத்திக்கு 31 வாரம். அவளிடம் அன்று நான் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளாகவே சொன்னாள்.